திருவக்கரைக் கல்மரமும் கண்ணாடிச் சில்லும்

புதுவைக்கு வடமேற்கே திருவக்கரையில், பருத்த மரங்கள் பல கல்லாகிக் கிடக்கின்றன. 1781-இலேயே ஸொன்னெரா என்னும் பிரெஞ்சு அறிஞர் இவற்றைக் கண்டு குறித்தனர். வேரும் கிளையுமின்றிக் கிடத்தலால், வேறிடத்தில் வளர்ந்து வெள்ளத்தால் ஈர்க்கப்பட்டு மணலிற் புதையுண்டவை யென்பர். வயது ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டு. காண்போருட் சிலர் புளியென்பர், சிலர் வேறொன்றென்பர். புறத்தோற்றங்கொண்டு கூறுமிவை ஊகமேயன்றி முடிபாகா. மரத்தின் இனத்தை உள்ளமைப்பே அறிவிக்கும். அதனை மைக்ராஸ்கோப்பிற் காண, கல்லை ஒளி ஊடுருவுமளவு மெல்லிதாக்கல் வேண்டும்.

இவ்வித்தையின் தொடக்கமும் கல்மரமே. எடின்பரோ நகரத்து வில்லியம் நிக்கல் என்பார் கல்மரத்துண்டைக் கண்ணாடியில் ஒட்டித் தேய்த்துப் பார்த்தனர். அம்முறை 1831-இல் ஹென்றி விதம் என்பாரது நூலில் வெளிவந்தது.

முதலில் வைரத்தூள் பதித்த வட்டவாளால், நீர் விட்டுக்கொண்டே, கல்லைப் பில்லையாக அறுப்பர். அதன் ஒரு முகத்தைக் கார்பொரண்டம் பொடியும் நீருமிட்ட தட்டின்மேல், பருந்தூளில் தொடங்கி நுண்டூள் வரையில் தேய்ப்பர். தூளை மாற்றுந்தோறும் கல்லையும் கையையும் கழுவுதல் இன்றியமையாதது. பருமணி யொன்று தங்கினும் கீறல் விழுந்து உழைப்பெல்லாம் பாழாம். சமமான முகத்தைக் கண்ணாடிச் சில்லில் குமிழியின்றி ஒட்டுவர். முன்னர் இதற்குக் கனடா பால்ஸம் என்னும் பிசின் வழங்கிற்று, இப்பொழுது எப்பாக்ஸி பசை. பின்னர் மறுமுகத்தை அறுத்துத் தேய்ப்பர். பாறைச் சில்லுக்குரிய கனம் 0.03 மில்லிமீட்டர். இதனை அளப்பது எங்ஙனம்? கல்லே அளவுகோலாகின்றது. ஒளியை ஒரு தளத்திலேயே அதிரவிடும் இரு தகடுகளைக் குறுக்கிட்டு வைத்து, இடையே சில்லை நோக்கின், கனம் மிக்கவிடத்துக் குவார்ட்ஸ் மணிகள் மஞ்சள் முதலிய நிறங்காட்டும். உரிய கனம் வந்தவுடன் வெண்சாம்பலாகும். மாணவர் சில்லைக் கெடுப்பது பெரும்பாலும் இவ்விடத்தேதான். இன்னும் இரு சுற்றென்று ஆசைப்பட, கல் கண்ணாடியை விட்டே தேய்ந்துபோம்.

மரத்துக்கு ஒரு சில்லுப் போதாது. குறுக்கு வெட்டொன்றும், நடுவை நோக்கியும் வளையத்தைத் தொட்டும் செல்லும் நெடுக்கு வெட்டுக்கள் இரண்டும் வேண்டும். குறுக்கு வெட்டிற் பெரிய வட்டத் துளைகள் விரவிக் காணின், அது பெரும்பாலும் பூக்குமினம்; ஓரளவான சிற்றறைகளே வரிசை வரிசையாய் நிற்பின், பைன் முதலியன சேர்ந்த கூம்பு மரவினம். திருவக்கரையில் இரண்டுமுள. பீர்பால் ஸாஹனி 1931-இல் ஆராய்ந்த மெஸெம்பிரியாக்ஸிலான் ஷ்மிடியானம் பின்னையதாம். இயல்பாக வளரும் கூம்பு மரம் தென்னாட்டில் இன்று மேற்குமலைக் காட்டில் ஒன்றே எஞ்சியிருத்தலை நினைப்பின், அச்சில்லின் அருமை விளங்கும்.

திருவக்கரைக் கல்மரங்கள் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை காக்கும் தேசியச் சின்னமாதலின், ஆங்குச் செல்லும் மாணவர் துண்டொன்றும் எடுத்தலாகாது. தேய்த்துப் பழகுவார்க்குச் சாலையோரத்துக் கருங்கற் சல்லியே சாலும். அதிலுள்ள குவார்ட்ஸும் கனத்தைக் காட்டிக்கொடுக்கும்.