தண்ணீருக்கு அடியில் பெருக்குவது எப்படி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நீச்சல் குளம் உள்ள அடுக்குமாடிகளில் இருக்கும் பிள்ளைகள் காலையில் இதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் அண்ணன் நீளக் கம்பின் நுனியில் பட்டையான பிரஷ் ஒன்றை மாட்டி, குளத்தின் அடியில் மெதுவாக, ரொம்ப மெதுவாகத் தள்ளிக்கொண்டு போவார். அதிலிருந்து ஒரு குழாய் பாம்புபோல நெளிந்து சுவரில் உள்ள துளைக்குப் போகும். சாலைத் தூசி, வேப்பம்பூ எல்லாம் அதற்குள் போய்விடும். அழுக்கு மணல் வடிகட்டியில் மாட்டிக்கொள்ள, தண்ணீர் மட்டும் குளத்துக்குத் திரும்பும்.

குழாய் அழுக்கை இழுக்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? தள்ளிவிடுவது காற்று! காற்றுக்கும் எடை உண்டு. குளத்துத் தண்ணீரை அது அமுக்கிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு? செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் ஆழம் 24 அடி. காற்றின் அழுத்தமோ சுமார் 34 அடித் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம்! பம்பு குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைத்ததும், வெளியே அமுங்கிக் கிடக்கும் தண்ணீர் அழுக்கையும் கூட்டிக்கொண்டு உள்ளே பாய்கிறது. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போதும் இதேதான்.

அதனால்தான் அந்த அண்ணன் முதலில் குழாய் முழுக்கத் தண்ணீரை நிரப்புவார். உள்ளே காற்று இருந்தால் பம்பு சும்மா சுற்றும். வீட்டு மோட்டார் ‘ஏர் லாக்’ ஆனால் தாத்தா தண்ணீர் ஊற்றுவாரே, அதே கதை. கம்பை வேகமாகத் தள்ளினால் மண் கலங்கி எழும்பிவிடும். அப்புறம் அது படியும்வரை கரையில் உட்கார வேண்டியதுதான்!

1974-ல் தென்னாப்பிரிக்காவில் பெர்டினாண்ட் சோவியே என்ற பொறியாளர், தானே ஊர்ந்து கூட்டும் ‘கிரீப்பி கிராலி’யை உருவாக்கினார். அதே குழாய், அதே பம்பு. அதற்கென்று தனி மோட்டார் கிடையாது. தண்ணீர் ஓட்டம் விட்டுவிட்டுத் தடைபடும் உதறலிலேயே நகரும். எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இது. இன்றைய ரோபோக்களுக்குச் சொந்த மோட்டார் உண்டு. சில ரோபோக்கள் சுவரிலும் ஏறும்.

எது நல்லது? அன்றாடத் தூசிக்கு இயந்திரம் போதும். அதற்குக் கை வலிக்காது. ஐப்பசி மழையில் சேறும் இலையும் சேர்ந்துவிட்டால், அழுக்கு இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துப் போகிற கைதான் ஜெயிக்கும்.

குளம் இல்லாதவர்கள் ஒரு வாளித் தண்ணீரில் பிடி மண் போட்டு, படிந்ததும் ஸ்டூல்மேல் வையுங்கள். ட்யூபில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் விரலால் அடைத்து, ஒன்றை மண்ணருகேயும் மற்றொன்றைத் தரையில் உள்ள வாளியிலும் விட்டு விரலை எடுங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம். மேல் முனையை மெதுவாகவும் வேகமாகவும் நகர்த்திப் பாருங்கள். வந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். வீட்டு சம்ப்பிலோ நீச்சல் குளத்திலோ மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள்!