கேட்டு வாங்கிக் குடிக்கும் தேநீர்

சீக்கார் ஊர்க் கிணற்றருகே, நண்பகல் வெயிலில் களைத்து அமர்ந்திருந்த இயேசு, தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணுக்கு உடனே போதிக்கத் தொடங்கவில்லை. முதலில் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தைத் தவக்காலத்தில் எத்தனையோ தடவைகள் கேட்டிருக்கிறோம். ஆயினும் அதிலுள்ள ஒரு சிறு செய்தியைக் கவனியாமலே கடந்துவிடுகிறோம். அவரிடம் மொள்ளுவதற்குப் பாத்திரம் இல்லை. ஆகவே அவளுடைய பாத்திரத்தில்தான் அவர் குடித்தாக வேண்டும். யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்று நற்செய்தியாளர் இடையில் தரும் குறிப்புக்கு, இரு சாராரும் ஒரே பாத்திரத்தைப் புழங்குவதில்லை என்றே பொருள் கூறும் விவிலிய அறிஞர்களும் உளர். அப்பெண் வியந்து நின்றதன் காரணம் அப்போது நன்கு விளங்குகிறது.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதைப் பற்றி நீண்ட விளக்கவுரை தேவையில்லை. உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென்றே மூக்குப்பேணி செய்து வைத்திருந்த ஊர் நமது ஊர். தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளையும், மற்றொரு சாராருக்குச் சிரட்டையும் தகரப்பேணியும் போத்தலும் என்று பிரித்து வைத்த காலம் மிகத் தொலைவில் இல்லை. 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் சட்டம் கொழும்பில் இருந்தது; குவளை சங்கானையில் இருந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டதும், அதன் பின்னர் சங்கானையிலும் பிற இடங்களிலும் தேநீர்க் கடைகளுக்குள் நுழைவதற்காகவே மனிதர் போராட நேர்ந்ததும் வரலாறு. இப்போராட்டங்களில் இரத்தமும் சிந்தப்பட்டது. ஒரு வாய்த் தேநீருக்காக என்று நினைத்துப் பாருங்கள்! கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எழுத்தாளர் டொமினிக் ஜீவா, சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற தமது சிறுகதைத் தொகுதிக்குத் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயரிட்டது வெறும் எதுகைக்காக இருக்க முடியாது. நமது ஆலயங்களும் இந்தப் பாகுபாட்டுக்கு முழு விலக்காக இருந்தன என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலாது.

கடைகள் திறந்துவிட்டன. வீடுகள்? சில வீடுகளுக்குச் சென்றால் உடைக்காத சோடாப் போத்தலையோ இளநீரையோ மட்டும் ஏற்றுக்கொண்டு, “இப்பதான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்” என்று கூறி எழும்பிவிடும் பழக்கத்தை நம்மில் மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். அந்த மறுப்பு எவ்வளவு பணிவாகச் சொல்லப்பட்டாலும், அதைக் கேட்பவருக்கு அதன் உட்பொருள் தெரியும்.

இன்று இதே குடாநாட்டில் வேறொரு தாகமும் உண்டு. பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருக்க, அவர்கள் கட்டிக் கொடுத்த பெரிய வீட்டில் ஒரு தாயோ தகப்பனோ தனியே வாழ்கிறார். பணத்துக்குக் குறைவில்லை. கனடாவில் இரவாகும் வேளை இங்கே காலை. தொலைபேசித் திரையில் பேரப்பிள்ளையின் முகம் வந்து போகிறது. ஆனால் பிற்பகல் நான்கு மணிக்கு எவரும் வருவதில்லை. தனக்கு மட்டும் என்றால் அடுப்பை மூட்டுவானேன் என்று தேநீரையே விட்டுவிட்டவர்கள் இருக்கிறார்கள். சாவு நிகழ்ந்த வீட்டுக்கு அயலவர் கேத்தில் கேத்திலாகத் தேநீர் கொண்டுவருவது நம்மவரின் அரிய பண்பு. முப்பத்தோராம் நாள் திருப்பலியும் விருந்தும் முடிந்து, வாடகைக் கதிரைகள் வண்டியில் ஏறிய பின்னர்தான் அவ்வீட்டில் உண்மையான தனிமை தொடங்குகிறது. அப்போது கேத்தில் வருவதில்லை.

தனிமை வெறும் மனக்குறை அன்று. உலக மக்களுள் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், ஆண்டொன்றுக்கு 8,71,000க்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அதனோடு தொடர்பு உண்டு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் மதிப்பிட்டது. இங்கிலாந்தில் 2018ஆம் ஆண்டு தனிமைக்கென்றே ஓர் அமைச்சரைப் பொறுப்பாக நியமித்தார்கள். அதற்கு நெடுங்காலம் முன்னரே, 1965ஆம் ஆண்டில், அங்கே ஓர் அறப்பணி தொடங்கியிருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், தனித்து வாழும் முதியோரைத் தொண்டர்கள் தங்கள் வாகனத்தில் ஏற்றிச் சென்று, ஒருவருடைய வீட்டில் எல்லோரும் கூடித் தேநீர் அருந்துவார்கள். ‘ரீ-என்கேஜ்’ என்னும் பெயரில் அப்பணி தொடர்கிறது. மண்டபத்தில் நடத்தாமல் வீட்டில் நடத்துவதே அதன் சிறப்பு என்பேன்.

எனினும் நமது முதியோரை நான் அறிந்தவரையில், அவர்களுக்கு அழைப்பைவிட மேலான ஒன்று உண்டு. வாழ்நாள் முழுவதும் பிறருக்கு ஊற்றிக் கொடுத்த கை, இப்போது வாங்கும் கையாக மட்டும் ஆகிவிட்டதே என்று கூசுகிறது. உலருணவுப் பொதியோடு வருபவரை அவர்கள் வாசலில் நின்றபடியே வழியனுப்பிவிடுவார்கள். இயேசு கிணற்றடியில் செய்ததை இங்கேதான் நினைக்க வேண்டும். சக்கேயுவிடமும் அவர் அவ்வாறே செய்தார். அவன் அழைக்கும் வரை காத்திராமல், உன் வீட்டில் தங்க வேண்டும் என்று தாமே கேட்டார். ஊரார் முணுமுணுத்தார்கள். அவன் மகிழ்ச்சியோடு இறங்கி வந்தான்.

மரியாயின் சேனையினர் இருவர் இருவராக வீடு சந்திக்கச் செல்கையில் பொருளுதவி கொடுப்பதை அவர்களது விதி தடுக்கிறது. இது ஒரு குறைபோலத் தோன்றலாம். வெறுங்கையோடு வருபவரிடம் வீட்டுக்காரர் கொடுப்பவராக நிமிர்ந்து நிற்க முடிகிறது என்பதை எண்ணும்போது அவ்விதியின் ஞானம் புரிகிறது. “குடிக்க ஏதும் தாங்கோ” என்று கேட்கப்பட்ட முதியவள் குசினிக்குள் போகிறாள். தேயிலைப் பேணியைத் தேடுகிறாள். அலுமாரியிலிருந்து இரண்டாவது கோப்பையை எடுத்துக் கழுவுகிறாள். தண்ணீர் கொதிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அவள் பேசத் தொடங்குகிறாள். சீனி வருத்தம் உள்ளவர்கள் இதைச் சாட்டாகச் சொல்லித் தப்ப வேண்டியதில்லை. சீனி போடாத வெறுந்தேநீரைக் கேட்டு வாங்கலாம். பனங்கட்டியைத் தொட்டும் பாராமல் பக்கத்தில் வைத்துவிடலாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு முதல் ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளாக ஏற்படுத்தினார். பங்குகளில் அன்று முதியோரை அழைத்து மாலையிட்டுத் தேநீர் விருந்து கொடுப்பது நல்லதே. அன்று மாலை அவர்களை வீட்டில் கொண்டுபோய் விடும் இளைஞர், படலையோடு திரும்பிவிடாமல் உள்ளே சென்று ஒரு கதிரையில் இருக்கலாம். அந்த வீடு இதுவரை தம் வீட்டார் எவரும் வாய் நனைத்திராத வீடாக இருந்தால் இன்னும் நல்லது. “அம்மம்மா, ஒரு பிளேன்ரீ தாறியளோ?” என்று கேட்டுப் பார்க்கட்டும்.