உங்களுக்குத் தெரியுமா?

பெங்களூருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன ‘மராபார் குகைகள்’!

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ தந்த டேவிட் லீனின் கடைசிப் படம் ‘எ பாசேஜ் டு இந்தியா’ (1984). ஈ.எம்.ஃபார்ஸ்டரின் நாவலில் வரும் மராபார் குகைகளுக்கு மூலம், பீகாரின் பராபர் குன்றுகள். அவை லீனின் மனதுக்குப் பிடிக்கவில்லை. பெங்களூரை அடுத்த சாவனதுர்கா, ராமநகரப் பாறைகளில் தன் குகைகளை உருவாக்கிக்கொண்டார். ‘ஷோலே’யின் கப்பர் சிங் உலவிய அதே ராமநகரம்தான்!

• கதையின் சந்திரபூர் நகரத்துக்காக பெங்களூர் அரண்மனை மைதானத்தில் செட் போட்டார்கள்.

• குகைகளை நோக்கி மலையேறும் ரயில், நம் நீலகிரி மலை ரயில்.

• 11 ஆஸ்கர் பரிந்துரைகள், 2 விருதுகள்: இசைக்கு மாரிஸ் ஜார், துணை நடிகையாக பெக்கி ஆஷ்கிராஃப்ட். அப்போது அவருக்கு வயது 77!

குகையின் எதிரொலி தாங்காமல், மூச்சு வாங்க வெளியே வரும் ஆஷ்கிராஃப்டின் முகத்தைப் பாருங்கள். ஒரு முழு வாழ்க்கையின் களைப்பு அதில் தெரியும். பழைய படங்களை நேசிப்பவர்கள் பெரிய திரையில் பார்த்தே தீரவேண்டிய காட்சி அது. அடுத்த முறை சாவனதுர்கா ஏறும்போது, அந்தப் பாறையைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.