கண்ணாடித் தொட்டியில் கங்கை மீன்

தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வருவோர் பலர். ஒரு வாரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாய் மல்லாந்து மிதக்கின்றன. வீட்டில் குழந்தைகளின் அழுகை. விதியை நோவதிற் பயனில்லை. காரணம் ஜலத்தில் இருக்கிறது.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. குளத்தில் ஒருவகைக் கிருமிகள் அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாக மாற்றும். கிருமி யென்றால் நோய்தான் என்றெண்ணுவது பிழை. புதுத் தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் இவை குடியேறப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை மீனின்றியே வடிகட்டி ஓடட்டும். தினம் ஒரு சிட்டிகை இரை தூவினால் போதும். அது அழுகித் தரும் அமோனியாவே அக்கிருமிகளுக்கு உணவு.

பிறகு எந்த மீன்? அயல்நாட்டு மீனைத் தேடுவானேன்? 1822-இல் ஹாமில்டன் தமது கங்கை மீன்கள் பற்றிய நூலில் விவரித்த ஸீப்ரா டேனியோ இருக்கிறது. ஒன்றரை அங்குல உடல், நீல வரிகள், எளிதில் சோராத இயல்பு. சுதேசி மீனேயாயினும் கடைக்காரர் ஆங்கிலப் பெயராலேதான் விற்பார்! கூட்டமாக வாழ்வது, ஆறேனும் வேண்டும், இரண்டடித் தொட்டியும் வேண்டும்.

வாரந்தோறும் கால்பங்கு நீரை மட்டும் மாற்றுக. வடிகட்டியைக் குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவலாகாது. தொட்டியில் எடுத்த நீரிலேயே அலசுக.