பழைய கார் குலுங்குகிறதா? லேப்டாப்பில் காரணம் தேடலாம்!

சிக்னலில் நிற்கும்போது கார் குலுங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திணறுகிறது. டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது. உங்கள் பழைய பெட்ரோல் காரில் இந்தத் தொல்லை இருந்தால், ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் லேப்டாப்பைக் கொண்டே ஓரளவு காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

காருக்குள்ளும் இசியு என்ற சிறிய கம்ப்யூட்டர் உள்ளது. ஏதேனும் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாவிட்டால் அதற்கு மிஸ்ஃபயர் என்று பெயர். இசியு இதைக் கவனித்து, ஒரு பிழை எண்ணைப் பதிந்து வைக்கும். அதைப் படிப்பதற்கான பொது முறைதான் ஓபிடி-2. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரலிலிருந்தும் இது கட்டாயமானது. கார்புரேட்டர் உள்ள மிகப் பழைய கார்களில் இந்த வசதி இருக்காது.

தேவையானவை: ஓபிடி-2 யுஎஸ்பி அடாப்டர், அதற்கான சாஃப்ட்வேர். புளூடூத் அடாப்டர் என்றால் செல்போனே போதும்.

1. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் அடாப்டரைச் செருகவும்.

2. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஆன் நிலையில் மட்டும் வைக்கவும்.

3. லேப்டாப்பின் டிவைஸ் மேனேஜரில் அடாப்டருக்கு எந்த காம் போர்ட் எண் கிடைத்துள்ளது என்று பார்த்து, அதையே சாஃப்ட்வேரில் தேர்ந்தெடுக்கவும்.

4. பிழை எண்களைப் படித்து, தாளில் குறித்துக் கொள்ளவும். குறிப்பதற்கு முன் அழித்துவிடாதீர்கள்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பி0302 என்றால் இரண்டாவதில். பி0300 வந்தால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர். அதனுடன் பி0171 என்ற எண்ணும் வந்தால், காற்று அதிகமாகவோ பெட்ரோல் குறைவாகவோ போகிறது என்று பொருள். வெடித்த வேக்கம் குழாயை முதலில் தேடுங்கள்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பிழை எண் கோளாறு உள்ள இடத்தைத்தான் சொல்கிறது. கெட்டுப்போன பாகம் எது என்று சொல்வதில்லை. கம்ப்யூட்டரில் ரேம் மீது சந்தேகம் வந்தால், இரண்டு ரேம்களையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்போம் அல்லவா? இங்கும் அதே உத்திதான்.

எங்கள் வீட்டுக் காரில் பி0301 வந்தது. நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். என்ஜின் ஆறியபின் முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றினேன். பிழையை அழித்துவிட்டு ஓட்டினால், இப்போது பி0302! காயிலோடு பிழையும் இடம் மாறிவிட்டது. ஒரே ஒரு காயில் வாங்கியதோடு செலவு முடிந்தது.

பிழை இடம் மாறாவிட்டால், அடுத்து ஸ்பார்க் பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். அதன்பின்தான் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் சோதனை எல்லாம். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டுமே மாற்றவும்.

ஓர் எச்சரிக்கை. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் காரை ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் சென்று, விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பாழாக்கிவிடும்.