பொம்மையிடம் பாடம் கேட்கும் டொக்டர்மார்

நெஞ்சுச் சளியோடு மூச்சு வாங்கும் பத்து மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வைத்தியர் முன்னே உட்கார்ந்திருக்கிறீர்கள். பிள்ளை வீரிட்டுக் கத்துகிறது, ஸ்டெதஸ்கோப்பைத் தட்டி விடுகிறது. அந்த அழுகைக்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய இழுப்புச் சத்தத்தை அவர் எப்படிப் பிரித்துக் கேட்கிறார் என்று எப்போதாவது யோசித்ததுண்டா, சகோதரிகளே?

அந்தக் காதுக்கும் கைக்கும் ஒரு முதல் நாள் இருந்திருக்கும். அன்று அவர் தொட்டுப் பழகியது யாருடைய பிள்ளையை? முன்பெல்லாம் வார்டில் படுத்திருந்த ஏதோ ஒரு தாயின் பிள்ளையைத்தான். போதனா வைத்தியசாலையில் பிள்ளையோடு தங்கியவர்களுக்கு இது தெரியும். வெள்ளைக் கோட்டு மாணவர்கள் கட்டிலைச் சூழ்ந்து நிற்பார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கருவியை வைப்பார்கள். அவர்களும் கற்கத்தானே வேண்டும்! ஆனால், மூச்சுத் திணறும் ஒரு குழந்தையை எத்தனை பேர் தொடுவது?

இங்கேதான் பொம்மை கைகொடுக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் மதாம் து கூத்ரே என்றொரு மருத்துவிச்சி இருந்தார். துணியும் தோலும் பஞ்சும் கொண்டு தைத்த தாய், சேய் உருவங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய், கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். 1759இல் மன்னர் பதினைந்தாம் லூயியே அதற்கு ஆணை வழங்கினார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், நோர்வேயின் ஸ்டவாங்கர் நகரில் விளையாட்டுச் சாமான் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால், மூச்சு நின்றவருக்கு வாயால் காற்றூதிப் பழகுவதற்கான ஆளுயரப் பொம்மையை 1960இல் வெளியிட்டார்.

இன்றைய குழந்தைப் பொம்மைகளோ அழுகின்றன, மூச்சு விடுகின்றன. கையில் நாடி துடிக்கிறது. விரிவுரையாளர் கம்பியூட்டரில் விசையை அழுத்தினால் நெஞ்சில் இழுப்புச் சத்தம் எழும், விலாவுக்குக் கீழே சதை உள்வாங்கும், உச்சிக்குழி புடைக்கும். மாணவர் தவறவிட்டால் மறுபடியும் பார்க்கலாம். பொம்மைக்கு நோகாது.

பிறந்த சிசுவின் இடுப்பு மூட்டைப் பரிசோதிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடைகளை மெல்லப் பிடித்து மடக்கி, விரித்து, பந்து போன்ற எலும்பு முனை தன் குழியை விட்டு நழுவுகிறதா என்று விரலால் உணர வேண்டும். தவறவிட்டால் பிள்ளை நடக்கும் வயதில் நொண்டும்; சத்திரசிகிச்சை வரை போகலாம். முரட்டுத்தனமாகப் பிடித்தாலோ நல்ல மூட்டுக்கே கேடு. இப்படியான சிசுவை மாணவர் வார்டில் காண்பதே அபூர்வம். ஆகவே, மூட்டு நழுவும்படியே செய்த பொம்மையில் அந்த நழுவலை விரல் அறியும்வரை பழகுகிறார்கள்.

ஆனாலும் பொம்மைக்குப் பயம் தெரியாதே! அந்நிய முகத்தைக் கண்டதும் உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளத் தெரியாது. பெரியவர்களின் நோய்க்கு நடிகர்களை நோயாளியாக நடிக்கவைத்துப் பயிற்றும் முறையை ஹவார்ட் பரோஸ் என்ற வைத்தியர் 1963இலேயே அமெரிக்காவில் தொடங்கினார். கைக்குழந்தையாக நடிக்க யாரை அழைப்பது? எனவே சில இடங்களில் பொம்மையின் அருகே, கலங்கிப்போன தாயாக நடிக்கும் ஒருவரை உட்காரவைக்கிறார்கள். அவரிடம் பேசிக்கொண்டே பிள்ளையைப் பார்க்க வேண்டும். மடியில் இருக்கும்போதே பார்ப்பது, அமைதியாக இருக்கும் வேளையில் இதயத்தையும் நெஞ்சையும் முதலில் கேட்டுவிடுவது, அழவைக்கும் காதையும் தொண்டையையும் கடைசிக்கு வைப்பது என்று ஒழுங்கையும் படித்துக்கொள்கிறார்கள்.

இத்தனை பாடுபட்டுப் படித்து வரும் டொக்டரை நாம் என்ன செய்கிறோம்? "சோறு தின்னாவிட்டால் டொக்டர் ஊசி போடுவார்" என்று வீட்டிலேயே பூச்சாண்டி ஆக்கிவிடுகிறோம். பிறகு பிள்ளை கத்தாமல் என்ன செய்யும்?

மாணவர் பொம்மையில் பழகும் பாடங்களில் ஒன்றை நீங்களும் வீட்டில் செய்யலாம். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையை உயர்த்தி, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இருமலோடு இருக்கும் பிள்ளைக்கு எண்ணிக்கை இந்த அளவை எட்டினாலோ, தாண்டினாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ விடியட்டும் என்று காத்திராதீர்கள். எண்ணிய கணக்கையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அங்கே போனதும் பிள்ளை அழத் தொடங்கினால் அவரால் சரியாக எண்ண முடியாது.