கைவிடப்பட்ட ஆட்டங்கள்

ஒரு சரக்கு நின்றுபோனால் அதை நம்பியிருந்தவன் கதி என்னவாகும் என்பதை மலைநாட்டாருக்கு எவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை. 1869ஆம் ஆண்டில் கோப்பிச் செடியின் இலையடியில் செம்மஞ்சள் துரு கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள், மலை மலையாகப் பூத்துக் கிடந்த கோப்பி மறைந்தே போயிற்று. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்டுவைத்த தேயிலை அந்தச் சரிவுகளில் ஏறி அமர்ந்துகொண்டது. கடனில் மூழ்கிய துரைமார் பலர் தோட்டங்களை வந்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினர். எஞ்சிய தொழிலாளர், குனிந்த முதுகை நிமிர்த்தாமலே வேறொரு செடியின் பக்கம் திரும்பினர்.

ஆயினும் நான் எழுத வந்தது கோப்பியைப் பற்றியன்று. விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றி.

அட்டனுக்கு அப்பால் எங்கள் தோட்டத்து வாசகசாலையில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. கொழும்பில் வேலை பார்க்கும் எங்கள் இளைஞன் ஒருவன், வெளிநாட்டார் ஒருவர் விட்டுச் சென்றதை வாங்கிவந்து கொடுத்தான். உள்ளே ஒரு வரைபடப் பலகை, எண்ணிக்கை குறைந்த அட்டைக் காய்கள், நாற்பது பக்கத்தில் ஒரு விதிநூல். கெரம் பலகையைத் தவிர வேறொன்றை அறியாதிருந்த பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டனர். காணாமற்போன காய்களை விலைக்கேனும் பெறலாமென்று பெட்டியில் அச்சிட்டிருந்த முகவரிக்குக் கடிதம் போட்டார்கள். அப்படி ஒரு கம்பெனி இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. அன்றுதான் இத்தொழிலின் வரலாற்றைப் படிக்கலானேன். படிக்கப் படிக்க, அது நம் கோப்பிக் காலத்துக் கதைக்குச் சற்றும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் கேரி கைகக்ஸ், டான் கே என்னும் இரு நண்பர்கள் 1973இல் டி.எஸ்.ஆர். என்ற கம்பெனியைத் தொடங்கினர். மறு ஆண்டில் அது வெளியிட்ட ஆட்டத்தின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதை நம்மவர்க்கு விளக்குவது எளிது. நமது காமன் கூத்தில் ஒருவன் மதனாகவும் ஒருவன் ரதியாகவும் வேடங்கட்டி நிற்கிறானல்லவா? அரிதாரமின்றி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதுபோல் ஆடுவதாக எண்ணிக்கொள்க. ஒருவன் கதையை நடத்துவான். ஏனையோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் தத்தம் பாத்திரத்தைப் பேசுவர். வாள் வீச்சு பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள தாயக்கட்டை தீர்மானிக்கும். வேறுபாடு ஒன்றுதான். காமன் கூத்துக்கு முதலாளி கிடையாது, இதற்கு உண்டு.

ஆட்டம் வெற்றி பெற்றது. வெற்றியே பின்னர் வினையாயிற்று. ஒரு கதையுலகம் விற்றால் பத்து உலகங்கள் பத்து மடங்கு விற்கும் என்று கம்பெனியார் கணக்கிட்டனர் போலும். 'ஃபொர்கொட்டன் ரெல்ம்ஸ்', 'ரேவன்லொஃப்ட்', 'ஸ்பெல்ஜாமர்', 'டார்க் சன்', 'பிளேன்ஸ்கேப்', 'பர்த்ரைட்' என்று உலகத்தின்மேல் உலகம் படைத்தனர். ஒவ்வொன்றுக்கும் தனி நூல்கள், தனிப் படங்கள், தனித் துணைப் பெட்டிகள். ஆனால் வாங்குகிற கூட்டமோ பெருகவில்லை. இருந்த கூட்டமே கூறுகூறாகப் பிரிந்தது. ஒன்றைப் பின்பற்றியவன் மற்றொன்றைத் தொடவில்லை. ஒரே கொழுந்தை ஆறு தொழிற்சாலைக்குப் பங்கிட்டால் ஆறிலும் இயந்திரம் ஓட வேண்டும், விறகு எரிய வேண்டும், தூள் மட்டும் ஒன்றுக்குரியதே கிடைக்கும். இதைச் சொல்லக் கணக்கப்பிள்ளை வேண்டுமா?

1995இல் 'டிராகன் டைஸ்' என்றொரு புதுமை கொணர்ந்தனர். முதலில் நன்றாக விற்றது. அந்த நம்பிக்கையில் அளவுமீறிச் செய்து குவித்தனர். அது கடைகளில் தேங்கிற்று. புத்தகக் கடைகளுக்கு விநியோகித்து வந்த பெரும் பதிப்பகமோ, விற்காத நூல்களைத் திருப்பியனுப்பிப் பணத்தைக் கேட்டது. அச்சகத்தார் பழைய பாக்கியைத் தீர்க்காமல் புதிதாக ஒரு தாளும் அச்சிட மறுத்தனர். 1976 முதல் வெளிவந்துகொண்டிருந்த 'டிராகன்' சஞ்சிகைகூடச் சில மாதங்கள் நின்றது. 1997இல், 'மெஜிக்' என்னும் சீட்டாட்டத்தால் செழித்திருந்த 'விசர்ட்ஸ் ஒவ் த கோஸ்ட்' கம்பெனி டி.எஸ்.ஆரை விலைக்கு வாங்கிக் கடனையும் ஏற்றது. பின்னர் அந்த உலகங்களிற் பல ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன.

டி.எஸ்.ஆருக்காக நான் அதிகம் இரங்கவில்லை. 1982இல் அது தன்னினும் மூத்த எஸ்.பி.ஐ. என்னும் போராட்ட வெளியீட்டாளருக்குக் கடன் கொடுத்துச் சில வாரங்களிலேயே அதைத் திருப்பிக் கேட்டது. கொடுக்க வழியற்ற அந்நிறுவனத்தின் உடைமையெல்லாம் டி.எஸ்.ஆர். கைக்கு வந்தன. அச்சமயத்தில் எஸ்.பி.ஐ.யின் சஞ்சிகைக்கு ஆயுட்சந்தா கட்டியிருந்தவர்கள் உண்டு. அவர்கள் சந்தாவுக்குத் தான் பொறுப்பல்ல என்று புதிய உடைமைக்காரர் சொல்லிவிட்டார். ஆடுகிறவன் கொடுத்த பணம் எவ்வேட்டிலும் கடனாக எழுதப்படுவதில்லை என்பதை அன்று அவர்கள் அறிந்தனர். எஸ்.பி.ஐ.யிலிருந்து வெளியேறிய ஆசிரியர்களுக்கு இடங்கொடுத்த அவலோன் ஹில் என்னும் பழம்பெரும் நிறுவனமும் நிலைக்கவில்லை. 1998இல் அது 6 மில்லியன் டொலருக்கு ஹஸ்புரோவுக்கு விற்கப்பட்டது. பணியாட்கள் வீடு சென்றனர். மறு ஆண்டில் ஹஸ்புரோ 'விசர்ட்ஸை'யும் வாங்கிற்று. சிறுமீனைப் பெருமீன் விழுங்கும் வழக்கம் விளையாட்டுக்கும் விலக்கன்று.

ஆயினும் இவ்வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்த ஒரு திருப்பம் உண்டு. 2000ஆம் ஆண்டில் 'விசர்ட்ஸ்' கம்பெனி தன் ஆட்டத்தின் அடிப்படை விதிகளைப் பிறரும் எடுத்தாளலாம் என்று ஓர் உரிமப் பத்திரம் வெளியிட்டது. தருமசிந்தை மட்டுமன்று, பிறர் துணைநூல் எழுதினால் மூலநூல் மேலும் விற்கும் என்ற வியாபார புத்தியும் அதில் இருந்தது. எப்படியாயினும் பயன் விளைந்தது. 2008இல் கம்பெனி பழைய விதிகளைக் கைவிட்டு நான்காம் பதிப்புக்கு மாறியபோது, பழையதிலே பற்றுள்ளவர்கள் அநாதையாகவில்லை. பைஸோ என்னும் சிறு நிறுவனம் அப்பழைய விதிகளைச் செப்பனிட்டு 2009இல் 'பாத்ஃபைண்டர்' என்ற பெயரில் வெளியிட்டது. 2023 ஜனவரியில் அவ்வுரிமத்தையே இரத்துச்செய்யக் கம்பெனி முயன்றபோது ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர். சில வாரங்களில் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதுமட்டுமன்றி, அடிப்படை விதித்தொகுப்பு மீட்டுப்பெற முடியாத பொது உரிமத்தின்கீழ் விடப்பட்டது. கடன்காரன் இனி எதை வேண்டுமானாலும் ஏலமிடலாம்; அந்த விதிகளை ஏலமிட முடியாது.

கைவிடப்படும் எல்லா ஆட்டங்களுக்கும் இதுவே நியாயம் என்பது என் துணிபு. ஒரு சரக்கு விற்பனையில் இருக்கும்வரை அதை ஆக்கியவனும் அச்சிட்டவனும் பயன் பெறட்டும். அதிலே கைவைப்பது திருட்டு. அச்சிடுவதை நிறுத்தியபின் அதைப் பெட்டகத்தில் பூட்டிவைத்துக் காவல் இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தின்படி ஆட்டத்தின் முறைக்குப் பதிப்புரிமை இல்லை. எழுதிய வாசகத்துக்கும் வரைந்த சித்திரத்துக்குமே உண்டு. அந்த வாசகத்தையும் விட்டுக்கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்?

இலங்கையர் நமக்கு இது தூரதேசத்து வழக்கன்று. 2020இல் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக அத்தியாவசியமற்ற இறக்குமதிகள் மீது தடைகள் விழுந்தன. 2022 மார்ச்சில் தாளின்றி மேல் மாகாணப் பள்ளிப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டில் ஒரு டொலர் 350 ரூபாயைக் கடந்தது. அன்று தோட்டத்து நாட்சம்பளமோ 2021இல் போராடிப் பெற்ற 1000 ரூபாயாக இருந்தது. 50 டொலர்ப் பெட்டி ஒன்றுக்குப் பதினேழு முழுப்பேருக்கு மேல் போட வேண்டியிருந்தது! ஆட்டப் பெட்டி கேட்கும் பிள்ளைக்கு எந்தத் தாய் பதில் சொல்வாள்?

பின்னர், 2025 ஏப்ரல் 2ஆம் தேதி அமெரிக்கா அறிவித்த புதிய சுங்கவரிப் பட்டியலில் இலங்கைக்கு நூற்றுக்கு 44 என்று இருந்தது. ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் சென்ற எங்கள் பெண்பிள்ளைகளின் வீடுகளில் அன்று அடுப்புப் புகைந்ததே தவிர, பேச்சு எழவில்லை. (அவ்வீதம் ஆகஸ்டில் 20 ஆகக் குறைந்தது.) அப்பட்டியலில் அடிபட்டவர்களில் அமெரிக்க ஆட்ட வெளியீட்டாளரும் உண்டு. அவர்தம் பெட்டிகளிற் பெரும்பாலானவை சீனத்தில் ஆகின்றவை. சீனச் சரக்கின் வரி அம்மாதத்திலேயே 145 வரை ஏறிற்று. 'கிரேட்டர் தேன் கேம்ஸ்' என்னும் நிறுவனம் ஊழியரிற் பெரும்பாலோரை நீக்கிப் பணியை நிறுத்திற்று. அது வெளியிட்டவற்றுள் புகழ்பெற்றது 'ஸ்பிரிட் ஐலண்ட்'. காட்டையழித்துக் குடியேற வருவோரை ஒரு தீவின் மலைத்தெய்வங்களும் ஆற்றுத்தெய்வங்களும் கூடி விரட்டும் ஆட்டம் அது. எங்கள் மலையின் மாடசாமியும் முனியாண்டியும் கோப்பித் துரையை எதிர்த்திருந்தால் எப்படியிருக்கும் என்று அதைப் படித்தபோது நகைத்தேன்.

எங்கள் வாசகசாலைப் பெட்டிக்கு வருகிறேன். கம்பெனி இல்லையென்று கடிதம் வந்தபின் பிள்ளைகள் சோர்ந்திருக்கவில்லை. லயத்து இஸ்தோப்பில் கரிக்கோடிட்டுத் தாயமும் ஆடுபுலியும் ஆடிய பாட்டிமார் செய்ததையே செய்தனர். குறைந்த காய்களுக்குத் தேயிலைக் கொட்டைகள் வந்தன. படைத்தலைவர்களுக்குப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்துக்கொண்டனர். அந்தப் பலகைப் பெட்டிகளும் நின்றுபோன சரக்குத்தான். இன்று தூள் காகிதச் சாக்கில் போகிறது. விதிகளைத் தம் சொந்த வசனத்தில் தமிழாக்கி ஒரு கொப்பியில் எழுதிவைத்துள்ளனர். ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. விதிநூலில் பதினேழாம் பக்கம் கிழிந்திருக்கிறது. ஆற்றைக் கடக்கும் படைக்கு ஒரு முறை நஷ்டமா, இரு முறையா என்பது அங்கேதான் எழுதியிருந்திருக்க வேண்டும். மேற்கணக்குப் பையன்கள் ஒன்று என்கிறார்கள். பணியக்கணக்கார் இரண்டு என்று அடித்துச் சொல்கிறார்கள். ஆகவே ஞாயிறுதோறும் எந்தக் கணக்கில் ஆட்டம் நடக்கிறதோ அந்தக் கணக்கின் விதி.